முந்நூற்றுப் பத்து கிராம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் அன்றைக்கு மூன்றாம் நாள்.
முன்னால் நூற்றுச்சொச்சம் டிரெய்லர்,
பின்னால் எண்ணவில்லை.
இருபத்தாறு டன் கிரானைட்டை முதுகில் வைத்துக்கொண்டு
ஜீரோ கேட் திறக்குமென்று உட்கார்ந்திருந்தேன்.

சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகையில்
எப்போதோ ஏறிக்கொண்ட பூனை
நாலு போட்டிருந்தது.
ஒவ்வொன்றாய்ப் புரட்டி வாலடியை நக்கும்.
நக்கினால்தான் குட்டிக்கு வரும்.
மூன்றுக்கு வந்தது.
நான்காவதை நக்கிக்கொண்டே இருந்தது,
நாள்கணக்கில்.
பிறகு ஒரு காலால் ஒதுக்கிவிட்டு
மற்றதுகளுக்கு மடியைக் காட்டியது.

அதற்கு வயிறு மட்டும் வளர்ந்தது.
கண்ணாடி போட்டு வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.
வாலுக்குக் கீழே வழவழவென்று தோல்.
துளையே இல்லை.
"இன்னாண்ணே, சீல் ஒடைக்காத கண்டெய்னராட்டம் கீது"
என்றான் டீ கேன் தூக்கிவரும் ஜாபர்.
சிரித்தோம்.
சிரித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தணிகாசலத்திடம் கொடுத்து
சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

தண்டையார்பேட்டையில் செருப்புக்கடைக்கு மேல்மாடி.
டாக்டர் ஹெப்சிபா
மளிகைத் தராசில் துண்டு விரித்து வைத்தார்.
முந்நூற்றுப் பத்து கிராம்.
டன் கணக்குக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான்,
அந்த எண்ணை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.

தலைகீழாய்ப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.
குடலுக்குள் இருக்கும் காற்று மேலேறி
முட்டுச்சந்து எதுவென்று காட்டுமாம்.
கறுப்பாய் ஒரு குமிழ்.
அதற்கும் தோலுக்கும் நடுவே ஓர் அரிசி நீளம்.
"பொறவியிலேயே இப்படி.
குடல் இவ்ளோ தூரம் வந்துட்டுது, வாசல்தான் வைக்கல.
வெச்சாலும் தாழ்ப்பாள் இருக்குமான்னு தெரியாது.
அடக்கற தசை இல்லன்னா ஆயுசுக்கும் ஒழுகும்."
"ஒழுவட்டும் மேடம், என் கேபின் இன்னா கோயிலா?"
"மயக்கத்துலயே போனாலும் போகும்."
அதற்கு என்னிடம் பதிலில்லை.

பெரிய ஊசிக்குழாயை அறுத்துச் செய்த முகமூடி.
ரப்பர் கையுறைகளில் வெந்நீர் நிரப்பி
விரலும் விரலுமாய் இரண்டு பக்கமும் அணைத்து வைத்தார்கள்.
கதவிடுக்கில் நின்றேன்.
துவரம்பருப்பளவு ஒரு வெட்டு.
உள்ளே எதையோ தேடிப் பிடித்து
மெள்ள, மெள்ள இழுத்தார்.
தார்ப்பாயில் கயிறு இறுக்கிப் பழகிய என் கை
தானாக மூடித் திறந்தது.

பிறகு தார்.
பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த தார்
பஞ்சு பஞ்சாய் நனைத்துக்கொண்டு வந்தது.
நாற்றம் மாடிப்படி வரை.
டாக்டரின் கண் சிரித்தது.
குடலின் உதட்டைத் தோலோடு சேர்த்து
முடியைவிட மெல்லிய நூலில் எட்டுத் தையல்.

"முடிஞ்சுதா மேடம்?"
"ஆரம்பிச்சிருக்கு.
தழும்பு இறுகினா வாசல் மறுபடி மூடிக்கும்.
முக்குதான்னு பாருங்க. மருந்து விடாதீங்க."
ஆயிரத்தெண்ணூறு பாக்கி. எழுதிக்கொண்டார்.

இன்றைக்கு வேறு லோடு, அதே ரோடு.
பழப்பெட்டி மூடியில் மணல் பரப்பி வைத்திருக்கிறேன்.
இரண்டு நாளாய் எதுவும் வரவில்லை அவனுக்கு.
விடிகாலை நாலே கால்.
எங்கோ ஒரு கேட் திறந்திருக்க வேண்டும்,
முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்து நகர்ந்தது.
அதே நேரம் பார்த்து மணலில் ஏறி
பின்னங்காலை அகட்டி
என்னையே பார்த்தபடி முக்கத் தொடங்கினான்.

பின்னால் ஒரு ஹாரன். பிறகு பத்து.
முன்னால் ஆறேழு வண்டி நிற்குமளவு ரோடு காலி.
எவனோ பைக்கை உள்ளே விடுகிறான்.
"அண்ணே எடுண்ணே, வண்டிய எடுண்ணே"
என்று கதவைத் தட்டுகிறான் தணிகாசலம்.
வால் நடுங்குகிறது.
ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல்
ஜன்னலுக்கு வெளியே கத்துகிறேன்:
"இருங்கய்யா.
இங்க ஒருத்தன் வெளிக்குப் போறான்."